வேலியை நகர்த்திய கமெரா

போன மாதம் ஒரு சின்னக் கமெரா வாங்கினேன். இந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு காணிப் பிரச்சினை. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? எனக்கும் முதலில் விளங்கவில்லை... கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு கமெரா எதற்கு? எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். என் பழைய போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் — எதையும் உள்ளபடி எடுக்காது. மங்கிக் கிடக்கிற வானத்தை நீலமாக்கிவிடும். என் முகத்துச் சுருக்கங்களை என்னைக் கேட்காமலே அழித்துவிடும். மண்கும்பான் கடற்கரையில் ஒரு பின்னேரம் எடுத்த படத்தை ஒருமுறை இந்தப் பத்தியோடு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் உடனே போன் எடுத்து, எப்போது மாலைதீவு போய்வந்தீர்கள் என்று விசாரித்தார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. படம் எடுக்கப் போனைத் தூக்கினால் அந்த நேரம் பார்த்து யாராவது அழைப்பார்கள். பண்ணைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நாரை அழகாக நிற்கிறது, நான் குறி பார்க்கிறேன்... சுவிஸிலிருந்து தங்கை. இன்றைக்கு என்ன சமையல் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் நாரை போய்விட்டது.

ஆகவே ஒரு கமெரா. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற பெரிய சாமான் இல்லை. கைப்பைக்குள் குடையோடும் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடும் சேர்ந்து கிடக்கக்கூடிய ஒன்று. நயினாதீவுப் படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மற்றக் கையால் எடுக்கக்கூடிய ஒன்று. முக்கியமாக, கண்ணை வைத்துப் பார்க்க அதில் ஒரு சிறு துவாரம் இருக்க வேண்டும். எங்கள் தீவுகளின் மத்தியான வெயிலில் திரையைப் பார்த்தால் படம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். அதுவும் கறுப்பாக.

என் தேவை இவ்வளவுதான். இதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இன்னும் தீவில் இருப்பது நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் கடல் கடந்தவர்கள். அதனால் நான் கமெரா வாங்குவது என் சொந்த விடயம் ஆகாது. அதில்தானே அவர்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்கள்?

சுவிஸ் தங்கைக்கு ஸூம் வேண்டும். நயினாதீவுத் தேருக்குப் போனால் சனத்துக்குப் பின்னால் நின்றபடியே அம்மன் முகத்தைக் கிட்டவாக எடுத்து அனுப்பலாமாம். லண்டனில் இருக்கிற மச்சானுக்குத் தண்ணீர் புகாத கமெரா வேண்டும். தீவு என்றால் நாள் முழுக்க நாங்கள் இடுப்பளவு கடலுக்குள் நிற்கிறோம் என்று நினைக்கிறார் போலும். மெகாபிக்சல், சென்சர், பற்றறி என்று ஆளுக்கொரு பக்கமாகப் படித்துப் படித்து அனுப்பினார்கள். நான் கேட்ட சிறு துவாரத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

கடைசியில் வென்றது ரொறன்ரோ. அங்கே இருப்பவர் பெரியண்ணை. எங்கள் வீட்டில் மூத்தவர் சொன்னால் வாக்கெடுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

அண்ணைக்கு வேண்டியது அகல லென்ஸ். காரணமும் இருந்தது. நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வளவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் இருப்பது அண்ணையின் வளவு. வீடு பூட்டிக் கிடக்கிறது. நான்தான் கூட்டித் துடைத்து, வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி வருகிறேன். ஒழுங்கையில் நின்று பார்த்தால் அதற்கு வலப்பக்கம் என் வளவு. இடப்பக்கம் மரியதாஸ் அண்ணையும் அவர் மனைவி றோசலின் அக்காவும் இருக்கிறார்கள். மரியதாஸ் அண்ணை கடலுக்குப் போகிறவர். பெரியண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

ரொறன்ரோவில் அண்ணையின் ஹோலில் இந்த வளவின் பழைய படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் எதிர்க் காணிக்குள் தூரப் போய் நின்று எடுத்தது. வீடு, இரண்டு பக்கத்து வேலி, இடப்பக்கமாகப் பின்னால் கிணறு — எல்லாம் அதில் அடங்கியிருக்கும். அதே மாதிரி இன்றைக்கு ஒரு படம் அண்ணைக்கு வேண்டும். ஆனால் அந்த எதிர்க் காணியைச் சுற்றி இப்போது ஆளை மறைக்கிற மதில். சொந்தக்காரர் பிரான்ஸில், கேற்றில் பூட்டு. ஒழுங்கையோ ஓர் ஓட்டோ போகிற அகலம். அதில் நின்று என் போனால் எடுத்தால் அரை வீடுதான் வரும். அண்ணை கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

யாழ்ப்பாணம் போய் ஒரு கடையில் தேடினேன். கடைக்காரர் காட்டியதில் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது. அகல லென்ஸ். நான் கேட்ட துவாரமும் இருந்தது. அதில் ஸூம் கிடையாது, கிட்டவாக வேண்டும் என்றால் நீங்கள்தான் நடந்து போக வேண்டும் என்று அவர் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அந்த நிபந்தனை பிடித்துப் போயிற்று. வாங்கிவிட்டேன்.

முதல் சில நாட்கள் சந்தோசமாகப் போயின. சின்னக் கமெராவில் ஒரு நன்மை உண்டு. போனைத் தூக்கினால் எங்கள் ஆட்கள் உடனே சேர்ட்டை இழுத்துவிட்டு, பாஸ்போட்டுக்கு நிற்பது போல் விறைத்து நிற்பார்கள். இதை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஏதோ விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். மண்டைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்குள் ஏறவா விடவா என்று யோசிக்கிற ஆட்டுக்குட்டி, தேநீர்க் கடையில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர், கிணற்றடியில் எதற்கோ வாயைப் பொத்திச் சிரிக்கிற றோசலின் அக்கா... எல்லாம் உள்ளபடி வந்தன. வானம்கூட அதன் மங்கல் நிறத்திலேயே வந்தது.

அந்தக் கிணற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது எல்லா வளவுக்கும் வாய்க்கிற ஒன்றல்ல. என் கிணறு உவர். மரியதாஸ் அண்ணையின் கிணறு அதைவிட உவர். நடு வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அதனால் அந்த வளவின் இரண்டு பக்க வேலியிலும் ஆள் நுழைகிற அளவு இடைவெளியாக ஒவ்வொரு பொட்டு இருக்கிறது. இடப்பக்கப் பொட்டால் றோசலின் அக்கா குடத்தோடு வருவார். வலப்பக்கப் பொட்டால் நான் வாளியோடு போவேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன ஞாயிறு காலை, வெயில் ஏற முன்னம், ஒழுங்கையில் மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று அண்ணை கேட்ட படத்தை எடுத்தேன். வளவு முழுக்க வந்திருந்தது. எனக்கே பெருமை. உடனே அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நான் அனுப்பிய படமே குடும்பக் குழுவில் திரும்பி வந்தது... அதன் மேல் விரலால் கீறிய சிவப்புக் கோடுகள். பக்கத்தில் அந்தப் பழைய படம். அதிலும் கோடுகள். கீழே பெரியண்ணையின் குரல் பதிவு.

பழைய படத்தில் இடப்பக்க வேலி நேராகப் பின்னுக்குப் போகிறதாம். கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு மாடு படுக்கலாமாம். புதிய படத்தில் வேலி பின்னால் போகப் போகச் சரிந்து உள்ளே வருகிறதாம். கிணற்றோடு முட்டுகிறதாம். ஆகவே, மரியதாஸ் வேலியைத் தள்ளி அடைத்து வளவின் பின்பக்கத்தை விழுங்கிவிட்டான்.

"பிள்ளை, நாளைக்கே ஆளைப் பிடிச்சு அந்தப் பொட்டைத் தகரம் போட்டு அடை. மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படத்தைத் திரும்பப் பார்த்தேன். உண்மைதான், வேலி உள்ளே வருவது போலத்தான் இருந்தது. கடைக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கிட்ட நின்று அகல லென்ஸால் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்துப் பின்னால் இருப்பது ஒடுங்கிப் போகும், எல்லாக் கமெராவும் அப்படித்தான் என்றார். இதை அண்ணைக்கு எழுதினேன். அதோடு, பண்ணையில் நின்று மண்டைதீவுப் பக்கமாக எடுத்த, கடலுக்கு நடுவே போகிற ரோட்டின் படத்தையும் அனுப்பினேன். அதில் ரோட்டு முன்னால் மைதானம் போலவும் தூரத்தில் நூல் போலவும் இருந்தது. இந்த ரோட்டை யார் விழுங்கினது என்று கேட்டேன்.

கடல் அரித்திருக்கும் என்று அண்ணை பதில் போட்டார்.

என் அண்ணை முட்டாள் அல்ல. கனடாவில் நல்ல வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து, பனியில் வழுக்காமல் கார் ஓட்டுகிற மனிதர். ஆனால் வேலி என்று வந்தால் யாழ்ப்பாணத்து மூளை வேறு விதமாக வேலை செய்யும். எங்கள் ஊர்களில் வேலியில் நட்ட கதியால் தடி பக்கத்துக் காணிக்குள் நடக்கும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வேரூன்றிய கிளுவை மரம் எப்படி அண்ணை நகரும் என்று கேட்டால், உள்ளுக்குள் புதுக் கதியாலை நட்டுத் தழைக்க விட்டு, பிறகு பழையதைப் பிடுங்குகிற வித்தையை அவர் எனக்குப் படிப்பிக்கிறார். ஆளைச் சந்தேகிக்க எங்களுக்குக் காரணம் தேவையில்லை. எதிரில் ஒரு வேலி இருந்தால் போதும்.

சரி, அளந்தே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் நான் யோசிக்காமல் விட்டேன். அளவு நாடாவின் மறு முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன், மரியதாஸ் அண்ணை நின்றார், கூப்பிட்டேன். வேலி திருத்த வேண்டும், தகரக் கணக்கு எடுக்கிறேன் என்று ஏதோ ஒரு பொய் சொன்னேன். அவர் உடனே வந்தார். நடு வளவின் முன்னாலும் பின்னாலும் நாடாவைப் பிடித்துத் தந்தார். இரண்டு இடத்திலும் ஒரே அகலம். நாடாவைப் படம் எடுத்து அனுப்பினேன். நாடாவைத் தளர்த்திப் பிடித்திருப்பான் என்று ரொறன்ரோவிலிருந்து தீர்ப்பு வந்தது.

தீவில் ஒரு வேலிக்குப் பக்கத்தில் நாடா வந்தால் எதற்கு வந்தது என்று யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அண்ணை குழுவில் போட்ட படமும் குரல் பதிவும் கடல் சுற்றி அவர்கள் காதுக்கும் வந்துவிட்டன. அடுத்த நாள் காலை கிணற்றடிக்கு றோசலின் அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரோட்டுக் கரையில் தண்ணீர்ப் பவுசர் வருமா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பிளாஸ்ரிக் கான்களோடு வெயிலில் நிற்பதைக் கண்டேன். அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு. என்னைக் கண்டதும் சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

எங்கள் ஊர்களில் ஓர் ஆளுக்குக் கிணற்றை மறிப்பது என்பது தண்ணீர் விடயம் மட்டும் இல்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று பிறர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இப்போது கதைப்பதில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போலக் கலியாண வீடுகளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் ஒரு தகரத்தைக் கொண்டுபோய் அந்தப் பொட்டில் வைத்தால் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வரும். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் மரியதாஸ் அண்ணை வந்தார். பொட்டால் வரவில்லை. ஒழுங்கையால் சுற்றி வந்து, என் கேற்றைத் தட்டினார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, ரொறன்ரோவிலை இருக்கிற கொண்ணரிட்டை ஒண்டு சொல்லும். வேலியை அவர் சொல்லுற இடத்துக்கு நானே தள்ளி அடைச்சுத் தாறன். தண்ணியை மட்டும் மறிக்க வேண்டாமெண்டு சொல்லும். அவளுக்கு ரோட்டாலை குடம் காவ ஏலாது."

"வேலி இருந்த இடத்திலைதான் அண்ணை இருக்கு. நீங்கள்தானே நாடா பிடிச்சனீங்கள்?"

"அது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அவருக்குப் படத்திலை வேறை மாதிரியெல்லோ தெரியுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன்னுடைய நிலத்தில் ஒரு துண்டை, ஒரு பிழையும் செய்யாமல், என் லென்ஸ் செய்த பிழைக்காக விட்டுத் தரத் தயாராக வந்த மனிதர். அவர் என்னோடு சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம்தான் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கும்.

கமெராவை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நாலு நாளாக எல்லோரும் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது வலப்பக்கம் பார்த்தேன். அந்த வேலியும் அப்படியேதான் இருந்தது. முன்னால் விலகி, பின்னால் போகப் போகச் சரிந்து உள்ளே வருகிறது. கொஞ்சமும் குறைவில்லை. லென்ஸுக்கு இடம் வலம் என்ற பாரபட்சம் கிடையாது.

வலப்பக்கம் யாருடைய வளவு? என்னுடையது.

இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சொந்தத் தங்கச்சி காணியை விழுங்குவாள் என்று எந்த அண்ணன் நினைப்பான்? அப்போது இடப்பக்கமும் பொய் என்று தானாக விளங்கிவிடும்தானே? கணக்கு முடிந்தது என்று எனக்கு ஒரே சந்தோசம். படத்தில் வலப்பக்க வேலியின் மேல் நானும் விரலால் ஒரு சிவப்புக் கோடு கீறினேன். குழுவில் போடவில்லை, அண்ணைக்கு மட்டும் அனுப்பினேன்.

"அண்ணை, வலப்பக்க வேலியையும் பாருங்கோ. அதுவும் அதே அளவுக்குத்தான் உள்ளுக்கை வருது. அந்தப் பக்கம் இருக்கிறது நானெல்லோ?"

பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். நின்றது. மன்னிப்புக் கேட்கச் சொல் தேடுகிறார் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது.

பதில் வந்தது.

"அதை நான் அண்டைக்கே பாத்திட்டன் பிள்ளை. நீதானேயெண்டு கதைக்காமல் விட்டனான்."



நான் செய்யாத ஒரு களவுக்கு இவ்வளவு பெருந்தன்மையான மன்னிப்பு என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. அண்ணை உண்மையிலேயே அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். தங்கச்சி தன் காணியின் ஒரு துண்டை எடுத்துவிட்டாள் என்று நம்பியும், ஒரு சொல் கேட்காமல், நேற்றும் எனக்குக் காலை வணக்கத்தோடு ரோசாப்பூப் படம் அனுப்பியிருக்கிறார். அந்தப் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.  ஒரே படம், ஒரே லென்ஸ், இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஒரு பக்கத்துக்கு ரோசாப்பூ, மற்றப் பக்கத்துக்குத் தகரம்.

பிறகு நான் எழுதியது நீளமானது. முழுவதையும் இங்கே போட முடியாது. சுருக்கம் இது: தகரம் வாங்குகிறேன், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குகிறேன். மரியதாஸ் கள்ளன் என்றால் நானும் கள்ளி. இடப்பக்கப் பொட்டை அடைக்கிற அன்றே வலப்பக்கப் பொட்டையும் அடைத்துவிட்டு, றோசலின் அக்காவுக்குப் பக்கத்தில் நானும் கானோடு நின்று பவுசரைப் பார்க்கிறேன். அதையும் புதுக் கமெராவால் எடுத்து அனுப்பட்டுமா?

 அடுத்த நாள் ஒரு வரி வந்தது. சரி விடு, இருந்தபடி இருக்கட்டும் என்று. வேலி நகரவில்லை என்று அண்ணை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கள்ளர்கள் இருவரையும் ஒரேயடியாக விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

நான் பொட்டால் நுழைந்து போய்ச் சொன்னேன். மரியதாஸ் அண்ணை நல்லது என்றார். படத்தில் என்ன பிழையாம் என்று றோசலின் அக்கா கேட்டார். கமெராப் பிழை என்றேன். 

இன்று காலை கிணற்றடியில் நான் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். றோசலின் அக்கா குடத்தோடு வந்தார். பொட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, தண்ணி அள்ளட்டோ?"

இவ்வளவு காலத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வி. ஓம் அக்கா, வாங்கோ என்றேன். அந்த 'ஓம்' என்ற சொல்லை இதற்கு முன் நான் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

எந்தக் கமெரா நல்லது என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சென்சர், ஸூம், அகல லென்ஸ் எல்லாம் கிடக்கட்டும்... எடுக்கிற படத்தை யாருக்கு அனுப்பப் போகிறீர்கள்?